இயற்பியற் கருத்துக்களின் வழியே ஆங்கிலச் சொல்லும் தொடரும்

தமிழ்வழியே பள்ளிக் கல்வியை முடித்து அறிவியற் கல்லூரிகளிலும் பொறியியற் கல்லூரிகளிலும் சேரும் மாணவர் முதலாண்டில் எய்தும் இடர்ப்பாடு யாவரும் அறிந்ததே. விசை யாது, முடுக்கம் யாது எனத் தமிழில் வினவின் ஐயந்திரிபற விடையிறுக்கும் மாணவன், அதே வினா ஆங்கிலத்தில் எழுமாயின் வாய்வாளாதிருக்கிறான். அவனிடம் இல்லாதது பொருளறிவு அன்று, மொழிப்பயிற்சியே. ஆயினும் அவனுக்கு ஆங்கிலம் கற்பிக்க முற்படுவோர் பலர், அவன் நன்கறிந்த பொருளை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, அவன் கண்டிராத பனிப்பொழிவையும் அயல்நாட்டு விருந்தையும் பற்றிய கதைகளையே தொடக்கப் பாடமாக வைக்கின்றனர். பொருளும் புதிது, சொல்லும் புதிது, தொடரமைப்பும் புதிது என மூன்று சுமைகள் ஒருங்கே அவன் தலையில் ஏற்றப்படுகின்றன. 2010-ஆம் ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் தமிழ்வழியே கற்பிக்கத் தொடங்கப்பெற்றன. அவ்வழி செல்வோர்க்கும் மேற்படிப்பிற்கும் ஆய்விதழ்களைப் பயில்வதற்கும் ஆங்கிலம் வேண்டுவதே. ஆதலின் இவ்வினா எவ்வழியில் நோக்கினும் விலக்கற்பாலது அன்று.

அறிந்த பொருளைப் பற்றுக்கோடாகக் கொண்டு அறியாத மொழியைக் கற்பித்தல் எளிது என்பதில் கருத்து வேறுபாடு இருத்தற்கில்லை. அதனினும் ஒரு படி மேற்சென்று ஈண்டு யாம் கூற விழைவது வேறொன்று. இயற்பியல் வழியாக ஆங்கிலங் கற்பிக்கும் பணியில் தமிழிலக்கணப் புலமை இன்றியமையாதது. ஆகவே அப்பணியில் தமிழ்த் துறையினர்க்கு நேரிய பங்கு உண்டு. இயற்பியல் ஆசிரியர் மொழி தம் கடன் அன்று என்பார். ஆங்கில ஆசிரியர் விசையும் உந்தமும் தாம் அறியாதன என்பார். இருவர்க்கும் இடையே மாணவன் நிற்கிறான். அவன் மனத்தில் முன்னரே அமைந்து கிடக்கும் தொடரமைப்பு தமிழ்த் தொடரமைப்பே. அதனை அறிந்தோரன்றி, அவன் எங்கு இடறுவான், எங்கு இடறான் என்பதைப் பிறர் முன்னறிந்து கூறல் அரிது.

அறிவியற் பொருள் வழியாக ஆங்கிலத்தைப் பயிற்றும் முயற்சி புதியதன்று. சி. கே. ஆக்டன் என்பார் 1930-இல் வெளியிட்ட அடிப்படை ஆங்கிலத்தில் சொற்கள் 850 மட்டுமே. அவற்றுள் வினைச்சொல்லாக நிற்பன 18. விசை, நிறை, எடை, இயக்கம், வேலை, திறன், அலை, வெப்பம், ஒளி, ஒலி ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் அச்சிறு தொகுதியுள்ளேயே இடம்பெற்றுள்ளமை கருதத்தக்கது. இயற்பியலின் அடிப்படைச் சொற்கள் ஆங்கில மக்களின் அன்றாட வழக்கிலுள்ள சொற்களே என்பது இதனாற் பெறப்படும். பின்னர் 1965-இல் ஏ. ஜே. ஹெர்பர்ட் தொழில்நுட்ப ஆங்கிலத்தின் அமைப்பை விளக்கும் பாடநூலையும், 1969-இல் சிலி நாட்டிற் பணியாற்றிய ஈவர், லத்தோரே என்னும் இருவர் அடிப்படை அறிவியல் ஆங்கிலப் பாடநூலையும் வெளியிட்டனர். ஈவர், லத்தோரே ஆகியோர் முன்னின்ற மாணவர் ஸ்பானிய மொழியினர். ஸ்பானியம் இலத்தீனின் வழிவந்தது. ஆதலின் ஆங்கில அறிவியற் சொற்களிற் பெரும்பகுதி அவர்கட்குப் பழகிய முகங்களாகவே தோன்றும். தமிழ் மாணவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. அந்நூல்களை அவ்வாறே எடுத்து ஈண்டு வழங்கலாகாது என்பதற்கு இஃதொன்றே போதிய காரணமாம்.

சொல் நிலை

அன்றாடச் சொல்லே கலைச்சொல்லாக நிற்றல் கற்போர்க்கு உதவியும் ஆகும்; இடையூறும் ஆகும். 'வொர்க்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். இது பழைய ஆங்கிலச் சொல். உழைப்பு, தொழில், பணி எனப் பல பொருள்படுவது. இயற்பியலில் இதற்குப் பொருள் ஒன்றே: விசை செயற்பட்டு, அவ்விசையின் திசையிற் பொருள் இடம்பெயரின், அங்கே வேலை நிகழ்ந்தது. இருபது கிலோகிராம் நெல் மூட்டையைத் தலையில் தாங்கி அசையாது நிற்பவன் வியர்த்துக் களைப்பினும் அம்மூட்டையின்மீது அவன் செய்த வேலை சுழியே. அதனைத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயர்த்தினான் ஆயின் 294 ஜூல் வேலை செய்தான். இவ்வுயர்த்தலை மூன்று நொடியில் முடிப்பவனது திறன் 98 வாட்டு. ஆறு நொடியில் முடிப்பவனது திறன் 49 வாட்டு. இருவர் செய்த வேலையும் ஒன்றே. 'வொர்க்', 'பவர்' என்னும் இரு சொற்களின் வேறுபாட்டை அகராதி பத்து வரிகளில் விளக்கினும் இத்துணைத் தெளிவு பிறவாது. 'பவர்' என்பது ஆற்றுதற்கு இயலுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியாகப் பிரெஞ்சு வழி வந்தது. தமிழில் நாம் வழங்கும் திறன் என்னும் சொல்லும் இயலுதற் பொருளிலேயே நிற்றல் காண்க.

'எனர்ஜி' என்பது இவ்வரிசையில் வேறு வகையினது. கிரேக்கத்திலிருந்து வந்த இச்சொல், 1807-இல் வெளிவந்த தாமஸ் யங் என்பாரின் விரிவுரைத் தொகுதியிலேதான் இயற்பியற் பொருளில் முதன்முதலாக ஆளப்பெற்றது. இதன் பகுதியாகிய 'எர்கான்' என்னும் கிரேக்கச் சொல் தொழில் எனப் பொருள்படும். அதுவும் ஆங்கில 'வொர்க்' என்பதும் ஒரே வேரினின்று கிளைத்தவை என்பது மொழிநூலார் துணிபு. வேலை செய்வதற்கான இயல்பே ஆற்றல் என்று இயற்பியலார் வரையறுப்பது, சொற்பிறப்பு நோக்கின், ஒரு வேரிற் பிறந்த இரு சொற்களை மீண்டும் இணைத்தலாக அமைந்துவிட்டது. இத்தகைய செய்திகளை மாணவர் எளிதில் மறவார்.

'கிராவிட்டி' என்பது ஆங்கிலத்தில் முதற்கண் மாந்தரின் பெருமிதத்தையும் அமைதியையும் குறித்து வழங்கிப் பின்னரே புவியீர்ப்பைக் குறிக்கலாயிற்று. தமிழிற் கனம் என்னும் சொல் எடையையும் மதிப்பையும் ஒருங்கே குறித்தலை இதனோடு ஒப்பிட்டுக் காட்டின், மாணவர் இச்சொல்லின் இரு பொருளையும் ஒரே மூச்சில் கற்றுக்கொள்வர்.

ஒரு சொல்லுக்கு ஒரு சொல் எனத் தமிழ் நிகரனை நெட்டுருச் செய்வித்தாற் போதும் என்று கருதுவோர் உளர். அவர்கள் நோக்கற்பாலதாகிய சான்று ஒன்று தமிழ் வழக்கினுள்ளேயே கிடைக்கின்றது. 'மாஸ்' என்பதனைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் நிறை என்றும், 'வெயிட்' என்பதனை எடை என்றும் வழங்குகின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் 'மாஸ்' என்பது திணிவு; 'வெயிட்' என்பதே நிறை. ஆகவே நிறை என்னும் ஒரே தமிழ்ச் சொல் பாக்கு நீரிணையின் இக்கரையில் ஓர் அளவையும் அக்கரையில் மற்றோர் அளவையும் குறிக்கின்றது. முன்னது கிலோகிராமாலும் பின்னது நியூட்டனாலும் அளக்கப்படுவன. அறுபது கிலோகிராம் நிறையுடையான் ஒருவன் என்று நாம் கூறுமிடத்து யாழ்ப்பாணத்து மாணவன் அறுபது கிலோகிராம் திணிவு என்பான். அம்மனிதனது நிறை ஏறத்தாழ 588 நியூட்டன் என்பான். இருவரும் கூறுவது சரியே. வேகம் என்பதும் இவ்வாறே: நமக்கு அது 'ஸ்பீட்', அவர்க்கு அது 'வெலாசிட்டி'. நாம் திசைவேகம் என்பதை அவர் வேகம் என்பர். நாம் வேகம் என்பதை அவர் கதி என்பர். ஆற்றலை அவர் சக்தி என்றும், திறனை வலு என்றும், முடுக்கத்தை ஆர்முடுகல் என்றும், நிலைமத்தைச் சடத்துவம் என்றும் வழங்குவர்.

தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் அளவுப்பெயரும் நிறைப்பெயரும் வேறு பிரித்து ஓதப்படுகின்றன. அங்கே நிறை என்றது துலையில் இட்டு அறியப்படுவதனையாம். பழைய வழக்கிற்கு இலங்கையார் ஆட்சியே அணுக்கமுடையது என்பது எம் கருத்து. எனினும் இங்கு எது சிறந்தது என்பது வினா அன்று. ஆங்கிலச் சொல்லைத் தமிழ்ச் சொல்லோடு மட்டும் பிணித்துக் கற்றவன், கரை மாறியவுடன் தடுமாறுவான். திங்களில் மாறாதது யாது, ஆறில் ஒரு பங்காகக் குறைவது யாது என்னும் பொருளோடு பிணித்துக் கற்றவன் தடுமாறான். சொற்பொருளை உறுதி செய்ய அளவுகோலும் துலாக்கோலும் சான்றாக வருதல் இயற்பியலுக்கே உரிய சிறப்பு. அன்பு, நாகரிகம், உரிமை முதலிய சொற்களுக்கு இச்சான்று கிட்டாது.

சொல்லாக்கத்திற்கும் இத்துறை நல்ல களம். ஆங்கிலத்தில் வினையடியோடு 'ஷன்' என்று ஒலிக்கும் ஈறு சேர்ந்து தொழிற்பெயர்கள் பல பிறக்கின்றன. இவ்வோர் ஈற்றிற்கு நிகராகத் தமிழ்க் கலைச்சொற்களில் அம், அல், வு, சி எனப் பல விகுதிகள் பயில்கின்றன: முடுக்கு என்பது முடுக்கம் ஆயிற்று; விலகு என்பது விலகல்; அதிர் என்பது அதிர்வு; சுழல் என்பது சுழற்சி. இந்நான்கிற்கும் ஆங்கிலம் தருவன 'ஆக்செலரேஷன்', 'ரிஃப்ராக்ஷன்', 'வைப்ரேஷன்', 'ரொட்டேஷன்' என்பன. தொழிற்பெயர் விகுதிகளை நன்னூலிற் பயின்ற மாணவனுக்கு, நீ கற்ற அதே நெறி இங்கே ஒற்றை ஈற்றால் நடக்கிறது என்று கூறின் போதும். ஓர் ஈற்றைக் கொண்டு நூறு சொற்களைப் பிரித்தறிவான்.

தொடர் நிலை

இனித் தொடரிலக்கணத்திற்கு வருவோம். இங்குதான் எம் கூற்றின் உயிர்நிலை உள்ளது.

நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் என்பது தமிழ். இதனை ஆங்கிலமாக்கும் மாணவருட் பலர் 'வாட்டர் இஸ் பாய்லிங்' எனத் தொடங்குகின்றனர். சிலர் எதிர்காலத் துணைவினையை இட்டு 'வில் பாய்ல்' என்கின்றனர். பொதுவுண்மை கூறும் ஆங்கிலத் தொடர் 'வாட்டர் பாய்ல்ஸ்' என நிற்றல் வேண்டும். பிழை எங்கிருந்து வந்தது? கொதிக்கும் என்பது எதிர்காலம் என்றும், கொதிக்கிறது என்பதே நிகழ்காலம் என்றும் பள்ளியிற் கற்பித்ததிலிருந்து வந்தது. எதிர்காலம் என்று எண்ணியவன் 'வில்' என்று எழுதினான். கொதிக்கிறது என்பதே நிகழ்காலம் என்று எண்ணியவன், அதற்கு நேரான ஆங்கிலம் இது எனக் கருதி, நிகழ்ந்துகொண்டிருத்தலைக் காட்டும் வடிவை எழுதினான்.

தொல்காப்பியர் வினையியலில் இதற்கு விடை வைத்துள்ளார். மூன்று காலத்தும் ஒரு தன்மையவாய் இயலும் பொருள்களின் இயற்கையைக் கூறுமிடத்து, நிகழ்காலத்திற்குரியதாகிய செய்யும் என்னும் பொதுச்சொல்லாற் கூறுக என்பது அவர் விதியின் கருத்து. கிறு, கின்று முதலிய இடைநிலைகள் நிகழ்காலத்திற்கு உரியனவாக இலக்கண நூலில் ஓதப்பெற்றது பிற்காலத்தே, நன்னூலில். செய்யும் என்னும் வாய்பாட்டைப் பழைய நெறியில் விளக்கி, பொதுவுண்மைக்கு உரியது இவ்வடிவே, ஆங்கிலத்தில் இதற்கு நேராவது எளிய நிகழ்கால வடிவே என்று ஒருமுறை காட்டின், உலோகம் விரியும், ஒளி நேர்க்கோட்டிற் செல்லும், காந்தம் இரும்பை ஈர்க்கும் என வரும் தொடர்களை எல்லாம் மாணவன் பிழையின்றி ஆங்கிலமாக்குவான். இயற்பியல் முழுதும் முக்காலத்தும் ஒத்தியலும் பொருள்களைப் பற்றியதாதலின், இவ்வொரு விதியைப் பயிற்ற இதனினும் ஏற்ற பாடம் வேறில்லை. ஈராயிரம் ஆண்டு பழமையுடையதெனப் பலரும் போற்றும் நூலின் விதி ஒன்று இன்றைய ஆங்கில வகுப்பறையிற் பயன்படுதல், தமிழ் பயில்வோர்க்கு மகிழ்ச்சி தருவதும் ஆம்.

அடுத்து நோக்கத்தக்கது தன்வினை, பிறவினைப் பாகுபாடு. பந்து உருண்டது, பையன் பந்தை உருட்டினான். சக்கரம் சுழன்றது; நீர் சக்கரத்தைச் சுழற்றியது. பனிக்கட்டி உருகியது, வெப்பம் பனிக்கட்டியை உருக்கியது. தமிழில் வினைவடிவே வேறாகிறது. ஆங்கிலத்திலோ 'ரோல்', 'டர்ன்', 'மெல்ட்', 'மூவ்' ஆகியன இரு நிலைக்கும் பொதுவாய் நிற்கின்றன. செயப்படுபொருள் வந்ததா என்பதைக் கொண்டே பொருள் துணியப்படும். நியூட்டனின் இயக்க விதிகளைக் கற்பவன் முதலில் வினவ வேண்டிய வினா, இவ்வியக்கத்திற்குப் புறவிசை எது என்பது. பந்து உருண்டது எனத் தன்வினையாற் கூறுமிடத்து உருட்டியவன் மறைந்து நிற்கிறான். உருட்டினான் எனப் பிறவினையாற் கூறின் வெளிப்படுகிறான். இயற்பியல் தேடும் காரணத்தைத் தமிழ் வினைவடிவு தானே சுட்டிவிடுகிறது. இவ்விடத்தில் தமிழ் மாணவன் நற்பேறுடையவன். ஆனால் ஆங்கிலத் தொடரைப் படிக்கும்போது, வடிவில் இல்லாத வேறுபாட்டை இடத்தால் உணரப் பழகுதல் வேண்டும்.

இவற்றிற்குப் புறனடையாக ஆங்கிலத்திலும் வடிவு வேறுபடும் இணைகள் சில உள. 'ரைஸ்' என்பது உயர்தல். 'ரெய்ஸ்' என்பது உயர்த்துதல். வெப்பநிலை உயர்ந்தது என்னுமிடத்து முன்னதும், சூடாக்கி நீரின் வெப்பநிலையை உயர்த்தினான் என்னுமிடத்துப் பின்னதும் வரல் வேண்டும். ஆங்கிலேயரே மயங்கும் இடம் இது. உயர், உயர்த்து எனத் தமிழ் இணையை அருகில் வைத்துக் காட்டிய வகுப்புக்களில் இம்மயக்கம் நெடுநாள் நில்லாமையை யாம் கண்டுள்ளோம்.

கதவு திறந்தது, கம்பி அறுந்தது என்பன போன்ற தொடர்களும் ஈண்டு நினைக்கத்தக்கன. செயப்படுபொருளைச் செய்தது போலக் கூறும் வழக்கை நம் இலக்கண நூலார் ஏற்று விதி வகுத்துள்ளனர். ஆங்கிலத்திலும் கதவு 'ஓப்பன்ஸ்' என வரும். இதனை அறியாதார் எல்லா இடத்தும் செயப்பாட்டு வினையையே எழுதி, 'இஸ் ஓப்பன்ட்' என்பது ஒன்றையே வாய்பாடாகக் கொள்வர். ஆங்கில ஆய்வுரைகளிற் செயப்பாட்டு வினை மிகுதி என்பது உண்மையே. செய்பவனை விடுத்துச் செய்முறையை முன்னிறுத்தல் அவற்றின் நோக்கம். அம்மிகுதி தமிழ் அறிவியல் நடையிலும் புகுந்து, நீரைச் சூடாக்குக என்று கூற வேண்டிய இடத்திலெல்லாம் நீர் சூடாக்கப்படுகின்றது எனப் 'படு' மலிந்துவிட்டமை வருந்தத்தக்கது. ஆங்கிலங் கற்பித்தல் தமிழைக் கெடுத்தலாக முடிதல் கூடாது.

வேற்றுமை உருபும் முன்னிடைச் சொல்லும்

மாணவர் மிகுதியாகப் பிழைபடுவது ஆங்கிலத்தில் பெயர்க்கு முன்வரும் இடைச்சொற்களில். இவற்றைத் தனித்தனியே நெட்டுருச் செய்வித்தல் பயனற்ற உழைப்பு. இயற்பியலில் இவ்விடைச்சொல் பிறழின் பொருளே பிறழும்; ஆதலின் மாணவன் விழிப்போடு கற்பான்.

மூன்றாம் இயக்க விதியைச் சான்றாகக் கொள்வோம். ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்று சுருங்கக் கூறுவது வழக்கம். இதனைக் கேட்ட மாணவன், சமமும் எதிருமாகிய இரு விசைகள் ஒன்றையொன்று அழித்துவிடுமே, பின்னர் எப்பொருளும் இயங்குவது எங்ஙனம் என ஐயுறுகிறான். ஐயம் நேரியது, அதன் தோற்றுவாய் தொடரிலுள்ள குறை. வினைக்கு என்னும் நான்காம் வேற்றுமை, எதன்மீது வினை, எதன்மீது எதிர்வினை என்பதைக் கூறாது விட்டது. நூல் மேசையின்மீது விசை செலுத்துகிறது. மேசை நூலின்மீது விசை செலுத்துகிறது என விரித்துரைப்பின் ஐயம் அகன்றுவிடும். இரு விசைகளும் இரு வேறு பொருள்களின்மீது செயற்படுவன. ஆகவே ஒன்றையொன்று அழித்தற்கில்லை. ஆங்கிலத்தில் இவ்விளக்கம் முழுதும் 'ஆன்' என்னும் சிறு சொல்லில் அடங்கியுள்ளது. விசை யாதனால் என்பதற்குப் 'பை', யாதன்மீது என்பதற்கு 'ஆன்': இவ்விரண்டனையும் இட்டு நிரப்பாத தொடர் விசையைப் பற்றிய தொடரே அன்று என்று வகுப்பில் விதித்துவிடலாம். மூன்றாம் வேற்றுமைக் கருத்தாப் பொருளும் ஏழாம் வேற்றுமை இடப்பொருளும் இவற்றிற்கு நேர் நிற்பன.

சார்புத்தொடரை உணர்த்தும் இடைச்சொற்களுள் 'அன்லெஸ்' என்பது கடுமையானது. எதிர்மறையைத் தன்னுள் அடக்கியது அது. ஆதலின் மாணவர் மற்றுமோர் எதிர்மறையைச் சேர்த்துத் தொடரைத் தலைகீழாக்கிவிடுவர். தமிழின் 'ஆலன்றி' என்னும் ஈறு இதற்கு நேராம்: விசை செலுத்தப்பட்டாலன்றிப் பொருள் தன் நிலை மாறாது. இத்தொடர் முதலாம் இயக்க விதியாதலின், பிழையான வடிவு உடனே பொய்யான விதியாகித் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும்.

இவ்விதியின் ஆங்கில வடிவிற்கு ஒரு வரலாறு உண்டு. மொழி பயில்வோர் அதனை அறிதல் நன்று. நியூட்டன் தம் பெருநூலை 1687-இல் இலத்தீனில் வெளியிட்டார். 1729-இல் ஆண்ட்ரூ மாட் அதனை ஆங்கிலத்திற் பெயர்த்தபோது முதல் விதியில் 'அன்லெஸ்' என்னும் சொல்லை வைத்தார். பின்வந்த பாடநூல்கள் பலவும் அதனையே வழிவழியாகக் கொண்டன. இலத்தீன் மூலத்திலோ இரு சொற்கள் உள: ஒன்று அன்றி என்னும் பொருளது, மற்றொன்று எந்த அளவிற்கு என்னும் பொருளது. 1999-இல் வெளிவந்த கோகன், விட்மன் ஆகியோரின் மொழிபெயர்ப்பு இவ்விரண்டாவது சொல்லையும் காத்து, எந்த அளவிற்கு விசை மாற்றுகிறதோ அந்த அளவிலன்றி மாறாது என்னும் கருத்துப்பட அமைத்தது. 2023-இல் டேனியல் ஹூக் என்னும் மெய்யியலார் இவ்வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்தார். மாட் அவர்களின் வடிவின்படி முதல் விதி விசையே செயற்படாத பொருள்களைப் பற்றியது. அத்தகைய பொருள் உலகில் யாண்டும் இல்லை. மூலத்தின்படியோ அவ்விதி எல்லாப் பொருள்களையும் பற்றியது: நிலைமாற்றம் எத்துணையும் விசையால் ஆயதே என்பது அதன் கருத்து. ஒரு சார்பு இடைச்சொல்லை வேறாகப் பெயர்த்தமையால் ஒரு விதியின் ஆட்சியெல்லை குறுகிற்று என்பது அவர் முடிபு. புறவிசை செயற்படாத வரையில் எனத் தமிழில் எழுதுவாரும் மாட் வழிப்பட்டாரே. ஆலன்றி என்பதற்கும் அளவிலன்றி என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத் தமிழ் தெளிவாகக் காட்டவல்லது. அவ்வடிவில் இவ்விதியைத் தமிழ்ப் பாடநூல்கள் திருத்தி எழுதுதல் தகும்.

பெயர்க்கு முன்வரும் 'எ', 'தி' என்பவற்றைச் சுருங்கக் கூறி அமைவோம். ஒரு பொருள் இயங்குகிறது. அப்பொருளின் திசைவேகம் இது எனத் தமிழில் ஒரு என்பதும் சுட்டும் முறையே வருதல்போல, ஆங்கிலத்தில் முதலில் 'எ' வரும். பின்னர் 'தி' வரும். விசை எண்ணப்படும் பெயர். ஆற்றல் எண்ணப்படாத பெயர். ஆகவே முன்னது 'எ' ஏற்கும். பின்னது பெரும்பாலும் ஏலாது. பிற நுணுக்கங்கள் பயிற்சியால் வருவன.

வினை பெயராதல்

ஹாலிடே என்னும் மொழியியலறிஞர் 1988-இல் இயற்பியல் நூல்களின் மொழியைப் பற்றி எழுதிய கட்டுரை இத்துறையில் ஆய்வு செய்வார் தவறாது பயிலத்தக்கது. சாசரின் வானோக்குக் கருவி நூல் தொடங்கி, நியூட்டன் 1704-இல் ஆங்கிலத்திலேயே வெளியிட்ட ஒளியியல் நூல், பிரீஸ்ட்லியின் மின்னியல் வரலாறு என ஆங்கில அறிவியல் உரைநடையின் வளர்ச்சியை அவர் அதிற் காட்டுகிறார். முதல் தொடரில் வினையாக வந்த நிகழ்ச்சி, அடுத்த தொடரிற் பெயராகிக் கருத்தின் தொடக்கமாக நிற்றலே அந்நடையின் இயல்பு என்பது அவர் கண்டது. தமிழிற் கூறின்: ஒளிக்கதிர் கண்ணாடியுட் புகுங்கால் விலகுகிறது, இவ்விலகலின் அளவு படுகோணத்தைப் பொறுத்தது. விலகுகிறது என்பது விலகல் ஆகி, சுட்டேற்று, அடுத்த கருத்தைத் தாங்கும் தூணாயிற்று. ஆங்கில அறிவியற் பத்தி ஒன்றைப் படித்துப் பொருள் காண இயலாது மயங்கும் மாணவனுக்கு, பெயர்களை மீண்டும் வினைகளாக விரித்தெழுதும் பயிற்சியைத் தருதல் வேண்டும். தொகைநிலைத் தொடரை விரித்துப் பொருள் காணும் பயிற்சியைத் தமிழ் வகுப்பில் முன்னரே பெற்றவன் அவன். இது அதன் மறுவடிவே.

இம்முறையால் எய்தாதனவும் உள. இயற்பியலில் தன்மை, முன்னிலை இடங்கள் அரிதாகவே வரும். படர்க்கை ஒருமை வினைக்கு ஈறு சேர்க்கக் கற்றவன், எதிரில் நிற்பவரோடு இரண்டு வார்த்தை பேசத் தயங்குவான். வேண்டுகோள், மறுப்பு, நயம், இரங்கல் ஆகியவற்றிற்குரிய மொழி இங்கில்லை. 'மஸ்ட்' என்னும் துணைவினை இயற்பியலில் உய்த்துணர்வைக் குறிக்கும். வீட்டிலும் தெருவிலும் ஏவலைக் குறிக்கும். இவற்றிற்குக் கதையும் நாடகமும் உரையாடலும் பின்னர் வரல் வேண்டும். இயற்பியல் வாயில் மட்டுமே; மனை முழுதும் அன்று.

இப்பணிக்கு உடனடியாக வேண்டுவது புதியதொரு சொற்றொகுதி. இப்பொழுதுள்ள கலைச்சொல் அகராதிகள் ஆங்கிலச் சொல்லுக்கு நேரே ஒரு தமிழ்ச் சொல்லை நிறுத்தி அமைகின்றன. யாம் கருதும் தொகுதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ்நாட்டு வழக்கும் இலங்கை வழக்கும் அருகருகே நிற்றல் வேண்டும். அச்சொல் எண்ணப்படும் பெயரா அன்றா என்பதும், அஃது எவ்வினையோடு இயையும், எவ்விடைச்சொல்லை வேண்டும் என்பதும், அவ்விடைச்சொற்கு நேராம் வேற்றுமை எது என்பதும் உடன் குறிக்கப்பெறல் வேண்டும். 'பிரஷர்' என்பதனை எடுத்துக்கொள்வோம்: இங்கே அழுத்தம், இலங்கையில் அமுக்கம், செலுத்துதற் பொருளதாகிய 'எக்ஸர்ட்' என்னும் வினையோடு இயைவது, எதன்மீது என்பதற்கு 'ஆன்' வேண்டுவது, நீரின் இன்ன ஆழத்தில் என்பதற்கு 'அட்' வேண்டுவது. இயற்பியலின் அடிப்படைச் சொற்கள் இருநூற்றிற்கு இவ்வாறு அமைப்பின், முதுகலை மாணவர் இருவர் ஓர் ஆண்டில் இயற்பியல் துறையினர் ஒருவரின் துணையோடு முடிக்கத்தக்க வேலையே அது.